கம்ப்யூட்டருக்கு நான் தைத்த சட்டை

போன வருஷம், ஆனி முடிந்து ஆடி பிறக்கிற சமயம். கோவில்பட்டியில் எட்டயபுரம் ரோட்டுப் பக்கம், வீடுகள் முடிந்து கரிசல் காடு தொடங்குகிற இடத்தில் எங்கள் வீடு. அங்கே ஒரு மதியம் ஆட்டோவில் வந்து இறங்கியது என் மகளின் கம்ப்யூட்டர்.

பிள்ளைகளே, நான் எட்டாம் வகுப்பு வரைதான் படித்தவன். எழுதிப் பழக்கம் இல்லை, தைத்துத்தான் பழக்கம். புதியம்புத்தூரில் பல வருஷம் ரெடிமேட் யூனிட்டில் இருந்தேன். இப்போது கோவில்பட்டியிலேயே ஒரு யூனிட்டில் பள்ளிக்கூடச் சட்டை தைக்கிறேன். உங்களில் யாராவது போட்டிருக்கிற நீலச் சட்டையின் கை நான் மூட்டியதாகக்கூட இருக்கலாம். அந்த உரிமையில்தான் இதை உங்களுக்குச் சொல்கிறேன்.

அந்தக் கம்ப்யூட்டருக்காக இரண்டு தீபாவளிக்கு எங்கள் வீட்டில் யாரும் புதுத்துணி எடுக்கவில்லை. தையல்காரன் வீடு, பழைய துணியைப் பிரித்து மாற்றித் தைத்தால் வெளியே தெரியவா போகிறது? மகள் கல்லூரியில் இரண்டாம் வருஷம் கம்ப்யூட்டர் படிக்கிறாள். படிப்புக்கும் வேண்டும், விளையாட்டுக்கும் வேண்டும் என்று ஒளிக்காமல் சொல்லித்தான் கேட்டாள். அந்த ஒளிக்காத பேச்சு எனக்குப் பிடித்துப் போனது.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடைக்காரர். என் வயசுதான் இருக்கும். முன்னே டி.வி. மெக்கானிக்காக இருந்தவர். அவர்தான் பாகம் பாகமாக வரவழைத்துப் பூட்டிக் கொடுத்தார். நான் அவரை அண்ணாச்சி என்பேன். அவரும் என்னை அண்ணாச்சி என்பார். எங்கள் ஊரில் அது அப்படித்தான். யார் மூத்தவர் என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. அது மரியாதைக்கு உள்ள வார்த்தை.

முதல் நாள் சாயங்காலம் மகள் அதை மேஜையில் வைத்து ஓடவிட்டாள். ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே நீலமும் ஊதாவுமாக வெளிச்சம். சின்னச் சின்ன விசிறிகள் ஆறு சுற்றின. கோயில் கொடைத் திருவிழாவுக்குச் சீரியல் லைட் செட் போட்ட மாதிரி வீடே ஒரு நிறமாகிவிட்டது. அப்புறம் அவள் விளையாட்டைத் திறந்தாள்.

அது ஒரு குதிரை ஓட்டும் விளையாட்டு. இரண்டு மலைகளுக்கு நடுவில் ஒரு பள்ளத்தாக்கு. குதிரை நிற்கிறது. அதன் பிடரியில் ஒவ்வொரு முடியும் தனித்தனியாக அசைகிறது. மலை மேலே கறுத்துக்கொண்டு வந்து, மழை பிடித்தது.

நான் கையில் டீ டம்ளரோடு நின்றவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எங்கள் பக்கம் மழை என்றால் ஐப்பசி, கார்த்திகையில் வந்தால் உண்டு. மற்ற மாதமெல்லாம் கரிசல் வெடித்துக் கிடக்கும், வெடிப்புக்குள் காலை விட்டால் கணுக்கால் வரை போகும். இங்கே ஆனி மாதத்தில், என் வீட்டுச் சுவர் ஓரத்தில், மழை ஊற்றுகிறது. புல் நனைகிறது. குதிரையின் முதுகில் விழுந்த துளி சிதறி, வயிற்றுப் பக்கம் வழிந்து சொட்டுகிறது. ஜன்னலுக்கு வெளியே வெயில் காய்கிறது. எது உள்ளே, எது வெளியே என்று எனக்குக் கொஞ்ச நேரம் பிடிபடவில்லை. மண் வாசம் வந்ததாகக்கூட இருந்தது. நிஜமாகச் சொல்கிறேன், வந்தது.

"நொடிக்கு நூறு படம் வரையுதுப்பா இது. அதான் நிஜமா ஓடுத மாதிரி தெரியுது" என்றாள் மகள்.

அது எனக்கு உடனே புரிந்தது. எங்கள் யூனிட்டில் பவர் மெஷின் முழு வேகத்தில் ஓடும்போது ஊசி ஏறுவதும் இறங்குவதும் கண்ணுக்குத் தெரியாது. ஊசி நிற்பது மாதிரி இருக்கும், துணி மட்டும் வழுக்கிக்கொண்டு போகும். பார்த்தால் நேராக ஒரே கோடு. ஆனால் அது அத்தனையும் குத்துக் குத்தாக விழுந்த தையல்தானே? மழையும் அப்படித்தான் தைத்து வருகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் பார்த்தால் கண்ணாடியில் கரித்தூள் பூசின மாதிரி ஒரு படலம். ஆடிக் காற்று ஆரம்பித்துவிட்டது. உழுது போட்ட காட்டிலிருந்து கரிசல் தூசி எழும்பி வந்து குடத்துத் தண்ணீரில் மிதக்கும், தலையணையில் இருக்கும், சோற்றில்கூடப் பல்லில் நறநறக்கும். இந்தத் தூசி உள்ளே போனால் இவ்வளவு அருமையான சாமான் என்னத்துக்கு ஆகும்?

அன்றைக்கு வேலைக்குப் போகுமுன் டேப்பை எடுத்து அளந்தேன். உயரம், அகலம், ஆழம். எங்கள் தொழிலில் ஒரு விஷயம் உண்டு. யூனிட்டில் தைக்கிறவன் சட்டையைப் போட்டுக்கொள்ளப் போகிற ஆளைப் பார்ப்பதே இல்லை. இருபத்தெட்டா, முப்பதா என்று நம்பரைப் பார்த்துத் தைத்துக் கட்டுக் கட்டாக அனுப்பிவிடுவோம். கழுத்துப் பிடிக்கிறதா, கை தூக்க முடிகிறதா என்று கேட்க அங்கே ஆள் கிடையாது. கேட்காமல் தைத்துத் தைத்து, கேட்பது என்று ஒன்று இருப்பதே கைக்கு மறந்துபோகும்.

மிச்சத் துணியில் நல்ல கெட்டியான கருநீலம் எடுத்தேன். தூசி புகக்கூடாது என்று உள்ளே இரட்டை லைனிங். கண்ணாடிப் பக்கம் மட்டும் வெளிச்சம் தெரிகிற மாதிரி ஜன்னல் விட்டு, சுற்றி ஓரத்தில் வெள்ளை நாடா வைத்துப் பைப்பிங். பின்னால் ஒயர் வர ஒரு கீறல். மேலே நான்கு பட்டன். பக்கவாட்டில் ஹெட்போன் வைக்க ஒரு பாக்கெட். அந்தப் பாக்கெட்டுக்குத் தனியாக மூடி. இரண்டு சாயங்காலம் ஆயிற்று. என் மகளின் முதல் பிறந்தநாள் கவுனுக்குப் பிறகு அவ்வளவு ஆசையாக நான் எதையும் தைத்ததில்லை.

போட்டுப் பார்த்தால் தைத்த மாதிரி இல்லை, கூடவே பிறந்த மாதிரி இருந்தது. என் மனைவி பார்த்துவிட்டு, "எனக்கு ஜாக்கெட் தைக்கச் சொன்னா மூணு மாசம் ஆகுது. இதுக்கு ரெண்டு நாளு" என்றாள். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்பா, காலர் மட்டுந்தான் இல்ல. டை கட்டிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிரலாம்" என்று போட்டோ எடுத்து, கூட விளையாடுகிற பிள்ளைகளுக்கெல்லாம் அனுப்பினாள். அப்புறம் கொஞ்சம் யோசித்து, "பின்னாடி லேசா திறந்தாப்ல இருந்தா நல்லாருக்குமோப்பா?" என்று இழுத்தாள்.

"எதுக்குட்டி? தூசி உள்ள போறதுக்கா?"

"காத்துக்கு."

"உள்ளுக்குள்ளயே ஆறு விசிறி சுத்துது. நம்ம மூணு பேருக்கும் சேத்து வீட்டுல ரெண்டுதான் இருக்கு. இதுக்கு மேல என்ன காத்து வேணும்?"

அவள் மறுபடி சிரித்தாள். நானும் சிரித்தேன். பேச்சு அதோடு முடிந்தது.

நாலு நாள் கழித்துத்தான் அது தொடங்கியது. விளையாட ஆரம்பித்துக் கால் மணி நேரம் நன்றாக ஓடும். அப்புறம் குதிரை ஒரு அடி எடுத்து வைத்து, காலைத் தூக்கிக்கொண்டே நிற்கும். அடுத்த அடி எங்கேயோ தள்ளிப் போய் விழும். மழை அந்தரத்தில் நிற்கும். துளிகள் பாசிமணி கோத்த மாதிரி அசையாமல் தொங்கும். அப்புறம் மொத்தமாகக் கொட்டும். அதைப் பார்க்க எனக்கு ஒரு மாதிரி மயக்கமாக இருக்கும். காலமே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி.

"தையல் விடுதுட்டி" என்றேன். நூல் இழுவை சரியில்லை என்றால் பத்துக் குத்துக்கு ஒரு குத்து விடுபட்டுப் போகும், அப்படித்தான் இருந்தது.

மகளுக்கு அது வேடிக்கையாக இல்லை. காரணம் இருந்தது. வெவ்வேறு ஊர்ப் பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்து ஒரு அணி. அந்த அணியில் ஒரு இடம் காலி. அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தேர்வு. அவரவர் வீட்டிலிருந்தே ஓட்ட வேண்டும். யார் முதலில் ஆற்றைத் தாண்டி மேட்டில் ஏறுகிறார்களோ அவர்களுக்கு அந்த இடம். அணி சென்னைக்குப் போய்ப் பெரிய போட்டியில் ஆடும். என் மகள் அதற்கு முன் பழைய லேப்டாப்பில், நின்று நின்று ஓடுகிற படத்தில், ஒரு வருஷம் பழகியவள். நல்ல கம்ப்யூட்டர் இருந்தால் ஜெயித்துவிடுவேன் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் எனக்குத் தெரியும்.

ஓட வைக்க அவள் என்னென்னவோ செய்தாள். முதலில் நிழலை எடுத்துவிட்டாள். "நிழல் வரைய வேண்டாம்னா இதுக்கு வேலை குறையும்ப்பா" என்றாள். குதிரை நிழல் இல்லாமல் ஓடியது, கால் தரையில் படாத மாதிரி. மறு வாரம் புல்லை எடுத்தாள். பள்ளத்தாக்கு எங்கள் ஊர் மானாவாரிக் காடு மாதிரி மொட்டையாகிப் போனது. கடைசியில் மழையை எடுத்தாள். நான் வேலை முடிந்து வந்து வழக்கம்போல டீயோடு உட்கார்ந்தேன். வெறும் மலை, வெறும் தரை, ஒரு குதிரை. "மழை எங்கட்டி?" என்றேன். "நிப்பாட்டிட்டேம்ப்பா" என்றாள். வீட்டில் ஒரு ஆள் குறைந்த மாதிரி இருந்தது. அப்போதும் கால் மணி நேரத்துக்குப் பிறகு அது நின்று நின்றுதான் ஓடியது.

நான் கம்ப்யூட்டரை ஆட்டோவில் வைத்துக் கடைக்குக் கொண்டுபோனேன். வழியில் அழுக்காகக் கூடாது என்று சட்டையைக் கழற்றி, மடித்து, வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். கடையில் அண்ணாச்சி அதே விளையாட்டை ஒரு மணி நேரம் ஓட்டிக் காட்டினார். நிழலும் இருந்தது, புல்லும் இருந்தது, மழை சோவென்று பெய்தது. ஒரு குத்து விடவில்லை. "உங்க வீட்டுக் கரண்டு ஏறி இறங்குதோ என்னமோ அண்ணாச்சி" என்றார். வீட்டுக்குக் கொண்டுவந்து சட்டையைப் போட்டு வைத்தேன். மறுபடி அதே கதை.

இரண்டாவது தடவை போனேன். அங்கே நன்றாக ஓடியது, இங்கே வந்து நின்றது. ஏதோ மாயம் மாதிரி இருந்தது. இந்த எந்திரத்துக்கு என் வீடு பிடிக்கவில்லையோ என்றுகூட எனக்குத் தோன்றியது.

மூன்றாவது தடவை நான் நிதானத்தில் இல்லை. தேர்வுக்கு மூன்று நாள்தான் இருந்தது. கடையில் ஐந்தாறு பேர் நின்றார்கள். கம்ப்யூட்டரை மேஜையில் வைத்துவிட்டு, எல்லார் காதிலும் விழும்படி, "பழைய சாமானை உள்ள வச்சுப் பூட்டிக் குடுத்திட்டீரு. கடையில ஒரு மாதிரி ஓடுது, வீட்டுல ஒரு மாதிரி ஓடுது. எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சீரா?" என்றேன். அண்ணாச்சி என்ற வார்த்தையை வேண்டுமென்றே விழுங்கினேன். பழகிய நாள் முதல் அந்த வார்த்தை இல்லாமல் நான் அவரிடம் ஒரு பேச்சுப் பேசியதில்லை. அது இல்லாத பேச்சு எப்படி இருக்கும் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். அறைந்த மாதிரி.

அவர் முகம் சிவந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்புறம் மூடிக்கொண்டார். "வீட்டுக்கு ஒரு தடவ நான் வந்து பாக்கட்டுமா அண்ணாச்சி?" என்று மட்டும் கேட்டார். அவர் அந்த வார்த்தையை விடவில்லை. "ஒண்ணும் வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மகளுக்கு நல்ல நாள், கம்ப்யூட்டருக்கும் நல்ல நாளாக இருக்கட்டும் என்று காலையிலேயே சட்டையைத் துவைத்துக் காயப்போட்டு, கஞ்சி போட்டுத் தேய்த்து, நானே என் கையால் மாட்டி நாலு பட்டனையும் போட்டுவிட்டேன். மகள் குளித்து வந்து அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பக்கத்து வீட்டில் போய் ஒரு மேஜை விசிறி வாங்கி வந்து, கம்ப்யூட்டரைப் பார்த்துத் திருப்பி வைத்தாள்.

மதியம் இரண்டு மணி. வெயில் கூரை ஓட்டைப் பிளக்கிறது. தேர்வு தொடங்கத் தாமதமாயிற்று. யாரோ ஒரு பிள்ளைக்கு இன்டர்நெட் வரவில்லையாம். எல்லாரும் விளையாட்டைத் திறந்து வைத்துக் காத்திருந்தார்கள். மகளுக்கு நெற்றியில் வியர்வை வழிந்தது. பிள்ளை இப்படி வேர்த்து ஒழுகுகிறதே, விசிறி எந்திரத்துக்குப் போய் வீசுகிறதே என்று நான் சத்தமில்லாமல் எழுந்து விசிறியை அவள் பக்கம் திருப்பி வைத்தேன். அவள் திரும்பிப் பார்த்தாள். அப்போதுதான் விளையாட்டில் மணி அடித்தது. குதிரைகள் புறப்பட்டன.

என் மகள் ஓட்டியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மொட்டைத் தரையில், நிழல் இல்லாத குதிரையில், அவள் எல்லாரையும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள். ஆறு வந்தது. குதிரை தாவியது. தாவிய குதிரை தண்ணீருக்கு மேலே, முன்னங்காலை நீட்டியபடி, அப்படியே நின்றது.

எவ்வளவு நேரம் நின்றது என்று எனக்குத் தெரியாது. ஒரு நொடி இருக்கும். அந்த நொடிக்குள் நான் ரொம்ப தூரம் போய்வந்தேன். ஆற்றின் மேல் அந்தரத்தில் ஒரு குதிரை, அதன் மேல் என் மகள். கீழே உறைந்த தண்ணீர். சத்தமே இல்லை. அழகாகக்கூட இருந்தது. கண் விழித்தபோது குதிரை ஆற்றில் கிடந்தது. மூன்று பேர் அவளைத் தாண்டி மேட்டில் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

மகள் ஹெட்போனைக் கழற்றி, சட்டையின் பாக்கெட்டில் வைத்து, மூடியை மூடினாள். "எனக்கு இன்னும் பழக்கம் பத்தலப்பா" என்றாள். முகம் கழுவப் போனவள் வெகு நேரம் தண்ணீரைத் திறந்துவிட்டபடி நின்றாள். நான் கடைக்காரரை மனசுக்குள் இன்னும் நாலு வார்த்தை வைதேன்.

மறுநாள் சாயங்காலம் வாசலில் வண்டிச் சத்தம். பார்த்தால் அவர்தான், கையில் ஒரு ஸ்க்ரூட்ரைவர் டப்பாவோடு. மகள் கல்லூரியிலிருந்து வந்திருக்கவில்லை.

"வர வேண்டாம்னீங்க. வந்துட்டேன்" என்றார்.

வந்த ஆளை வாசலில் நிறுத்திப் பேசி வழக்கமில்லை. உள்ளே விட்டேன். அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். குனிந்து சட்டையைத் தொட்டுப் பார்த்தார். பைப்பிங்கை விரலால் தடவினார்.

"நீங்க தைச்சதா?"

"ஆமா."

"நல்ல தையல் அண்ணாச்சி. பொய் சொல்லல" என்றார். அப்புறம் விளையாட்டை ஓடவிட்டு, இருபது நிமிஷம் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். படம் விக்கி விக்கி நிற்க ஆரம்பித்ததும், "கையக் குடுங்க" என்று என் கையைப் பிடித்துக் கொண்டுபோய்ச் சட்டைக்குள் பின்பக்கம் விட்டார். வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். இஸ்திரிப் பெட்டி மாதிரி கொதித்தது.

"இந்த விசிறியெல்லாம் காத்த உண்டாக்காது. முன்னாடி இருந்து வெளிக்காத்த இழுத்து, சூட்டப் பின்னாடியும் மேலயும் தள்ளும். நீங்க ரெட்ட லைனிங் போட்டு எல்லாத்தயும் அடைச்சுட்டீங்க. சூடு ஏறுனா இது எரிஞ்சு போகாம இருக்கத் தன்னால வேகத்தக் குறைச்சுக்கிடும். அதான் நின்னு நின்னு ஓடுது. சாமான்ல கோளாறு இல்ல."

சொல்லிக்கொண்டே நாலு பட்டனையும் ஒவ்வொன்றாகக் கழற்றினார். பிள்ளைக்குக் காய்ச்சல் அடிக்கும்போது சட்டையைக் கழற்றுவோமே, அந்த மாதிரி பதமாக. சூடான காற்று குப்பென்று என் முகத்தில் அடித்தது. கொஞ்ச நேரத்தில் குதிரை வழுக்கிக்கொண்டு ஓட ஆரம்பித்தது.

மூன்று தடவையும் சட்டையைக் கழற்றிவிட்டுக் கடைக்குக் கொண்டுபோனதும், மூன்று தடவையும் வந்து மாட்டியதும் அப்போதுதான் வரிசையாக ஞாபகம் வந்தன.

"இத அன்னைக்கே சொல்லிருக்கலாமே. நான் அத்தன பேச்சுப் பேசும்போது" என்றேன்.

அவர் டப்பாவை மூடினார். "அன்னைக்கு எனக்குத் தெரியும் அண்ணாச்சி. அதுக்கு முந்தின நாளு உங்க மக தனியா கடைக்கு வந்துச்சு. போட்டோவக் காட்டி, 'இந்தச் சட்டையாலதான மாமா?'ன்னு கேட்டுச்சு. ஆமா, கழட்டிருன்னேன். 'அப்பா ஆசையாத் தைச்சிருக்காவ, சொன்னா சங்கடப்படுவாவ. நானே எப்படியாவது பாத்துக்கிடுதேன், நீங்க சொல்லிராதீங்க'ன்னுச்சு. நானும் சரின்னேன். நீங்க நாலு பேரு முன்னால சத்தம் போட்டீங்க. 'உங்க சட்டதான் காரணம்'னு அங்கன வச்சுச் சொன்னா நீங்க மூஞ்சிய எங்க கொண்டுபோயி வைப்பீங்க? அதான் வீட்டுக்கு வாரேன்னு கேட்டேன். நீங்க விடல. நேத்துப் பிள்ள தோத்துட்டேன்னு போன்ல சொல்லுச்சு. இனிமே பேசாம இருந்தா அது மரியாத இல்ல, தப்புன்னு பட்டுச்சு."

தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். கோபத்தினால் இல்லை, கடையில் ஆள் காத்திருக்கிறார்கள் என்றார்.

மகள் வரும்போது நான் சட்டையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன். அவள் என்னையும் சட்டையையும் பார்த்துவிட்டுப் பையைத் தோளிலிருந்து எடுக்காமலே நின்றாள்.

"ஏம்ட்டி சொல்லல?" என்றேன்.

"பத்து நிமிஷம் தாங்கும்னு நெனச்சேம்ப்பா. சொன்ன நேரத்துக்கே போட்டிய ஆரம்பிச்சிருந்தா தாங்கிருக்கும்."

"அதக் கேக்கல."

அவள் தரையைப் பார்த்தாள். "தினமும் வேல முடிஞ்சு வந்து மொதல்ல அதத்தான் பாப்பீங்க. பட்டன் சரியாருக்கானு தொட்டுப் பாப்பீங்க. கழட்டி வச்சா உங்க மூஞ்சி எப்படி இருக்கும்னு நெனச்சுப் பாத்தேன். முடியல."

விசிறியைத் திருப்பி வைத்தது என் கைதான் என்று சொல்ல வந்தேன். அது அவளுக்குத் தெரியும். அவள் அதைச் சொல்லிக் காட்டவில்லை, இன்று வரை.

மறுநாள் காலையில் வேலைக்குப் போகுமுன் கடைக்குப் போனேன். வேண்டுமென்றே கூட்டம் இருக்கிற நேரமாகப் பார்த்துப் போனேன். நாலு பேர் காது கேட்கத் திட்டியவன் நாலு பேர் காது கேட்கத்தான் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். "அண்ணாச்சி, தப்பு என் மேலதான். சாமான் சுத்தம். நான்தான் கம்ப்யூட்டருக்குச் சட்ட தைச்சுப் போட்டு மூச்சு முட்ட வச்சுட்டேன். மன்னிச்சிருங்க அண்ணாச்சி" என்றேன். கடையில் இருந்தவர்கள் ஒரு நிமிஷம் புரியாமல் விழித்து, அப்புறம் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். "போனாப் போகுது. எனக்கு ஒரு சட்ட தைச்சுக் குடுங்க. ஆனா ரெட்ட லைனிங் வேண்டாம்" என்றார். அவருக்குத் தைக்கும்போது அளவை மட்டும் எடுக்கவில்லை. கையைத் தூக்கச் சொன்னேன், குனியச் சொன்னேன், ஸ்டூலில் ஏறி மேலே இருக்கிற பெட்டியை எடுக்கச் சொன்னேன், எங்கே பிடிக்கிறது என்று கேட்டேன். "கல்யாண மாப்பிள்ளைக்குக்கூட இவ்வளவு கேக்க மாட்டாவ" என்று அலுத்துக்கொண்டார்.

அந்த அணியில் என் மகளுக்கு இடம் கிடைக்கவில்லை. மதுரையில் ஒரு பிள்ளைக்குக் கிடைத்தது. சென்னைப் போட்டியை இவள் வீட்டிலிருந்தே பார்த்துக் கைதட்டினாள். அடுத்து எப்போது இடம் காலியாகும் என்று தெரியாது. இதை எழுதுகிறபோதும் அது என் மனசில் ஒரு ஓரமாகக் கிடக்கத்தான் செய்கிறது. அவள் தோற்றது அவள் கையால் இல்லை.

ஆனால் அந்த வாரக் கடைசியில் ஒரு சாயங்காலம். தூசியைத் துடைக்க ஒரு சின்ன பிரஷ் வாங்கி வந்திருந்தேன். தினமும் துடைத்தால் போதும் என்று கடைக்கார அண்ணாச்சியே சொல்லியிருந்தார். மகள் என்னைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரவைத்தாள். "பாருங்க" என்று சொல்லி, முதலில் நிழலைத் திருப்பிக் கொடுத்தாள். குதிரைக்குக் கால் தரையில் பட்டது. புல்லைத் திருப்பிக் கொடுத்தாள். பள்ளத்தாக்கு முழுக்கச் சரசரவென்று பச்சை எழும்பியது. "இப்பம்" என்றாள். மலை மேலே கறுத்தது. மழை வந்தது, ஒரு துளி நிற்காமல், ஒரு துளி விடாமல்.

"நீங்க ஓட்டுங்கப்பா" என்று என் கையை எடுத்துக் கீபோர்டு பட்டன்கள் மேல் வைத்தாள். எனக்கு ஓட்டத் தெரியவில்லை. குதிரை நடந்தது, நின்றது, ஒரு மரத்தில் போய் முட்டியது, திரும்பி ஆற்றங்கரைக்கு வந்தது. போட்டி ஒன்றும் இல்லை, எங்களை யாரும் முந்தவில்லை. அவள் என் தோளில் முகவாயை வைத்துக்கொண்டு, "இடது பக்கம்ப்பா... மெதுவா..." என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் சொன்னபடியே நான் கேட்டேன். வெளியே ஆடிக் காற்று கரிசல் மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் நனைந்துகொண்டே போனோம்.

பிள்ளைகளே, உங்கள் அப்பாவோ அம்மாவோ ஆசை ஆசையாகச் செய்த ஒன்று உங்களை மூச்சு முட்ட வைத்தால், முகம் வாடுமே என்று பயந்து பொறுத்துக்கொண்டிருக்காதீர்கள், சொல்லிவிடுங்கள். நாங்கள் அவ்வளவு சீக்கிரம் கிழிந்துபோக மாட்டோம், அப்படியே கொஞ்சம் கிழிந்தாலும் தைத்துக்கொள்ள எங்களுக்குத் தெரியும்.